போதைப்பொருள் புகாருக்கு 1933: வடசென்னையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ரயிலில் இறங்கும் மூட்டை, கூரியரில் வரும் மாத்திரைப் பெட்டி, துறைமுகம், வெளிமாநிலத் தொடர்பு இதற்கெல்லாம் 1933 நல்ல எண். தெருமுனையில் பொட்டலம் கைமாறுவதைச் சொல்ல அது சுற்றுவழி. அதற்குத் தமிழகப் போலீஸின் 10581 தான் கிட்ட. வீட்டுப் பிள்ளைக்கு வைத்தியம் தேடுகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், 14446 தனியாக இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பெயர் வைத்த லட்சணத்துக்காகவே அரை மதிப்பெண் குறைத்திருக்கிறோம். அந்தக் கதை கீழே வரும்.

மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம், அதாவது என்.சி.பி., 24 மணி நேரமும் நடத்தும் இலவச எண் இது. மானஸ் என்று பெயர். 2024 ஜூலை 18 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் அமித் ஷா தொடங்கிவைத்தார். போன் பண்ணலாம், இணையதளத்தில் எழுதலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், உமங் செயலி வழியாகவும் போகலாம். பேர், ஊர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

1933-ஐ ஒரு தபால் ஆபீஸாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. எழுதிப் போடுவது நீங்கள், பிரித்து அனுப்புவது அவர்கள், கடைசியில் அந்தத் தெருவுக்குள் வருவது வேறு ஆள். பிரிக்கிற இடத்தில்தான் என்கார்டு என்கிற ஒருங்கிணைப்பு அமைப்பு வேலை செய்கிறது. 2016-இல் உருவாகி, 2019-இல் நான்கு அடுக்காக மாற்றியமைக்கப்பட்டது. மேலே மத்திய உள்துறைச் செயலாளர், அடுத்து உள்துறையின் சிறப்புச் செயலாளர் நடத்தும் செயலாக்கக் குழு, மாநிலத்தில் தலைமைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர். 1933-ஐ அறிவித்ததும் இதே அமைப்பின் 7-ஆவது உச்சநிலைக் கூட்டத்தில்தான். நமக்கு மாவட்ட அடுக்கு என்றால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. போலீஸ், மருந்துக் கட்டுப்பாடு, சுகாதாரம், பள்ளிக்கல்வி என எல்லாரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

வடசென்னைக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு, வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. எண்ணூரும் மணலியும் மாநகராட்சிக் கணக்கில் சென்னை. 2018-இல் மாவட்டத்தை விரித்த பிறகு வருவாய்க் கணக்கிலும் சென்னை. ஆனால் போலீஸ் கணக்கில் 2022 முதல் ஆவடி ஆணையரகம். திருவொற்றியூர் வரை ஒரு கமிஷனர், பாலம் தாண்டினால் இன்னொரு கமிஷனர். கலெக்டர் மட்டும் ஒருவரே. மீஞ்சூர் போய்விட்டால் கலெக்டரும் மாறி, திருவள்ளூர் மாவட்டம். அதனால் “எண்ணூர் பக்கம்” என்று மொட்டையாகச் சொன்னால் தகவல் இரண்டு ஆணையரகத்துக்கு நடுவே ஊசலாடும். கத்திவாக்கமா, எர்ணாவூரா, தாழங்குப்பமா, எந்த ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொன்னால் மட்டுமே சரியான கைக்குப் போகும். இதைச் சொல்ல வேண்டியது அழைப்பவர்தான். டெல்லியில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறவருக்கு நம் எல்லைத் தகராறு புரியாது.

எந்தச் சரக்குக்கு எந்த எண்

ஆந்திர-ஒடிசா மலைப்பக்கத்திலிருந்து வரும் கஞ்சா விசாகப்பட்டினம் பாதையில் ரயிலேறி, கூடூர், சூலூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்குள் நுழைகிறது. சென்ட்ரலில் சோதனை கெடுபிடி என்றால் முன்னாலேயே இறங்கி லோக்கல் ரயிலுக்கு மாறுவார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மாதவரம் பஸ் நிலையம். பெரும்பாலும் பிரவுன் டேப் இறுக்கிச் சுற்றிய செங்கல் மாதிரிப் பார்சல், ஒன்று சுமார் இரண்டு கிலோ. டிராவல் பேக்கில் மேலே இரண்டு லுங்கி, அடியில் இது. ஓடுகிற ரயிலில் பார்த்தீர்கள் என்றால் 1933-க்குக் காத்திருக்காதீர்கள். ரயில்வே உதவி எண் 139 அழையுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் முதல் மேலே உள்ளவர்களுக்கு 2019 முதல் போதைப்பொருள் சட்டத்தில் சோதனை அதிகாரம் உண்டு. பெட்டி எண், படுக்கை எண், பையின் நிறம், அடுத்த நிலையம் இந்த நான்கும் போதும். ஒரே ஆள் வாரா வாரம் அதே வண்டியில் வருகிறான் என்றால் மட்டும் 1933. தொடர்ச்சி தெரிவதால் அது உளவுத் தகவல், அதைத் தூரத்து மாநிலத்தோடு இணைத்துப் பார்க்க என்.சி.பி.யால் முடியும்.

இணைத்துப் பார்ப்பது என்பது வெறும் வார்த்தை இல்லை. நிதான் என்று ஒரு தரவுத்தளம் 2022-இலிருந்து இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் கைதானவர்களின் படம், கைரேகை, வழக்கு விவரம் எல்லாம் அதில் உண்டு. கொருக்குப்பேட்டையில் பிடிபட்டவன் விசாகப்பட்டினத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கில் இருந்தவனா என்று பார்க்க முன்பு கடிதப் போக்குவரத்தே ஒரு மாதம் தின்னும்.

தெருவில் நடப்பதற்குத் தமிழகப் போலீஸின் 10581, வாட்ஸப் என்றால் 94984 10581. மதுவிலக்கும் போதைப்பொருள் நுண்ணறிவும் ஒரே அமலாக்கப் பணியகத்தின் கீழ் இருப்பதால் கள்ளச்சாராயத்துக்கும் இதே எண். கத்தி எடுத்துவிட்டான், அடிதடி என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 100 அல்லது 112.

பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கூல் லிப், ஹான்ஸ் விற்கிறார்கள் என்று 1933-க்குப் போன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புகையிலை போதைப்பொருள் சட்டத்தில் வராது. அது உணவுப் பாதுகாப்புத் துறை சமாச்சாரம், வாட்ஸப் 94440 42322. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். கடை வாசலிலிருந்து பள்ளி கேட் வரை அடியெடுத்து அளந்து சொன்னால் அதிகாரிக்கு வேலை மிச்சம்.

காசிமேட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி. வலையில் மூட்டை சிக்கினாலோ, மிதக்கும் பொட்டலம் தென்பட்டாலோ கரைக்கு எடுத்து வராதீர்கள். இடக்குறியை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படைக்கு 1554, கரை பக்கம் வந்துவிட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கையில் வைத்திருப்பதே குற்றமாகிற சட்டம் இது; நல்லெண்ணத்தில் எடுத்தேன் என்று படகு ஓனர் நிரூபிக்க வேண்டி வரும்.

புகாரின் எடை

1933 உதவவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் கொடுத்த தகவலைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். “வியாசர்பாடி ஃபுல்லா கஞ்சாதான் சார், போலீஸ் என்ன பண்ணுது?” இது புலம்பல். இதை வைத்து ஒரு அதிகாரியும் எழுந்து நடக்க முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, கட்டடத்துக்குள் நுழைய வேண்டுமானால் கிடைத்த தகவலை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்து உதிக்கும் வரையில் வாரண்ட் இல்லாமல் நுழைய, ஏன் காத்திருக்க முடியவில்லை என்ற காரணத்தையும் எழுத வேண்டும். இதில் ஓட்டை விழுந்தால் சரக்கு கையில் பிடிபட்டும் வழக்கு விடுதலையில் முடியும். பொது இடத்தில் என்றால் 43-ஆவது பிரிவு, இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆகவே வீட்டுக்குள்ளா, ரோட்டிலா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உருப்படியான தகவல் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி: “குடியிருப்பின் பேர் இது, பிளாக் எண் இது, மூன்றாம் மாடி, படியேறி இடது பக்கம் இரண்டாவது கதவு, பச்சை கிரில். செவ்வாயும் வெள்ளியும் காலை 5-லிருந்து 5.30-க்குள் ஆட்டோவில் இரண்டு பெரிய பை இறங்கும். ஆட்டோவின் கடைசி நான்கு எண் இது. பகலில் கீழே தண்ணீர் டேங்க் பக்கம் இரண்டு பசங்க கொடுப்பாங்க. பணம் கையில் வாங்குவதில்லை, இந்த நம்பருக்கு ஜி-பே.” இவ்வளவுதான். இதில் விற்கிறவன் பேரே இல்லை, ஆனாலும் வேலைக்கு ஆகும். பணம் போகிற நம்பர் ஒன்றே பத்துப் பேரின் பெயருக்குச் சமம். வங்கிக் கணக்கு, அதன் வழியாகச் சொத்து, அங்கிருந்து 68-எஃப் பிரிவில் முடக்கம் என்று கயிறு நீளும்.

விற்கிற இடத்தைவிட, சரக்கு இருப்பு வைத்திருக்கிற இடத்தைச் சொல்லுங்கள். இது ஏன் என்று புரிய அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோவுக்குள் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் கோடு 20 கிலோ. அங்கே பத்து முதல் இருபது ஆண்டு, ஜாமீனுக்கு 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஹெராயினுக்கு அந்தக் கோடுகள் 5 கிராமும் 250 கிராமும். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராமும் 50 கிராமும். தெருவில் கொடுக்கிறவன் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்தவன். சட்டைப் பையில் பத்துப் பொட்டலம், தீர்ந்தால் மேலே போய் இன்னும் பத்து. அவனைப் பிடித்தால் சில நாளில் வெளியே வந்து அதே டேங்க் பக்கம் நிற்பான், தெரு “போலீஸ் விட்டுட்டாங்க” என்று பேசும். எடை இருக்கிற இடம் மூன்றாம் மாடி. உங்கள் புகார் அந்தக் கதவைக் காட்டினால் ஒரு வழக்கு, டேங்கைக் காட்டினால் வேறு வழக்கு.

எடையிலும் வக்கீல்கள் விளையாடுவார்கள். சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. 22 கிலோ மூட்டையில் எவ்வளவு இலை என்ற கேள்வி நீதிமன்றத்தில் வந்தால் வணிக அளவே ஆட்டம் காணும். மாத்திரை, பொடி விஷயத்தில் நிலைமை நேர்மாறு. கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. மாதிரி எடுப்பதற்கும் 2022 விதிகள் இருக்கின்றன: மாஜிஸ்திரேட் முன்னிலையில், இரட்டை மாதிரி, கஞ்சா என்றால் ஒவ்வொன்றும் 24 கிராம்.

மாத்திரை

இந்த மதிப்பீட்டில் சேவை நிஜமாகச் சறுக்குகிற இடம் இது. வடசென்னையில் கஞ்சாவுக்கு அடுத்த தலைவலி வலி நிவாரண மாத்திரை. பசங்க அதை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். கையில் வரிசையாகத் தழும்பு, சீழ் வைத்த கட்டி, முழுக்கைச் சட்டையை வெயிலிலும் கழற்றாமை இவையெல்லாம் அடையாளம். ஊசி பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இந்த மாத்திரைகளில் ஒன்றான டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். 5 கிராம் சிறிய அளவு, 250 கிராம் வணிக அளவு. அதன் பிறகு சந்தை டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை பக்கம் சாய்ந்தது. அது நீண்ட நாள் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்த மருந்து. பட்டியலில் இல்லாத மாத்திரையை ஆயிரம் அட்டை பிடித்தாலும் 37-ஆவது பிரிவு வராது. மருந்துச் சட்டத்திலும் பொதுக் குற்றச் சட்டத்திலும் கிடைத்ததை வைத்து வழக்குப் போட வேண்டும்.

அதனால் மாத்திரைப் புகார் என்றால் அட்டையின் பின்புறம் முக்கியம். காலி அட்டை கிடந்தால் கையால் எடுக்காமல் படம் பிடியுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், தயாரிப்பாளர் பெயர் தெரிந்தால் அது எந்த மொத்த வியாபாரிக்குப் போன சரக்கு என்று பின்னோக்கிப் போகலாம். வெளிமாநில மொத்த வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிக் கூரியரில் இறக்குகிறார்கள் என்றால் பெட்டியில் ஒட்டிய சீட்டின் எண், அனுப்பிய ஊர். இது 1933-க்கு ஏற்ற புகார், மாநில எல்லையைத் தாண்டுவதால். உள்ளூர் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். டிரமடால் போல, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத எச்-1 பட்டியல் மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து, யார் எழுதிக்கொடுத்தது, யார் வாங்கியது, எத்தனை என்று எழுதி, மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். பதிவேட்டைக் கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டாலே பூனை வெளியே வந்துவிடும். போலீஸ் ரெய்டைவிட இந்தக் கணக்குப் பார்க்கும் ஆய்வாளருக்குத்தான் கடைகள் பயப்படும்.

பேர் வெளியே போகுமா

எல்லாரும் கேட்பது இதுதான், கேட்க வேண்டியதும் இதுதான். சட்டத்தின் 68-ஆவது பிரிவு அதிகாரிக்கு ஒரு கவசம் கொடுக்கிறது: தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, நீதிமன்றத்தில்கூட. ஆனால் சந்துக்குள் பேர் வெளியே போவது சட்டத்தின் வழியாக இல்லை. புகார் சொன்னவரே பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வது, குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் “நான் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டேன்” என்று போடுவது, மாடியிலிருந்து செல்போனைத் தூக்கி வீடியோ எடுப்பது. ஒரே ஜன்னலிலிருந்து மட்டும் தெரிகிற கோணத்தில் படம் அனுப்பினால் அந்த ஜன்னல் யாருடையது என்று சொல்லவே வேண்டாம். பேசத் தயக்கம் என்றால் இணையதளத்தில் எழுதுங்கள். வீட்டுக்குள் நின்று சத்தமாகப் பேசுவதைவிட அது பத்திரம். உள்ளூரிலேயே யாருக்கோ மாமூல் போகிறது என்ற சந்தேகம் இருந்தால் 1933-க்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. தகவல் மேலிருந்து கீழே வருவதால், கீழே இருப்பவர் அதைக் குப்பையில் போட்டால் மேலே ஒரு தடம் மிச்சம் இருக்கும்.

வேண்டாதவனை மாட்டிவிடப் பொய்த் தகவல் கொடுப்பவர்களுக்கு 58-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை காத்திருக்கிறது. வீடு காலி பண்ணும் தகராறுக்கு இந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்.

இனி அந்த அரை மதிப்பெண். மானஸ் என்பது ஒரு நீளமான இந்திப் பெயரின் சுருக்கம். நம் ஆள் அதை மனசு என்றுதான் படிப்பார். தப்பில்லை, ஏனென்றால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2022 அக்டோபரில், மத்திய அரசே டெலி மானஸ் என்று மனநல ஆலோசனைக்கு ஒரு எண் தொடங்கியது: 14416. போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு, சமூக நீதித் துறையின் எண் 14446. நடுவில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். சைபர் மோசடிக்கு 1930, போதைக் கடத்தலுக்கு 1933. பதற்றத்தில் போன் எடுக்கிற அம்மாவுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? ரேஷன் கடைச் சுவரில் எண்ணை மட்டும் எழுதுகிறவர்கள் பக்கத்தில் எதற்கு என்பதையும் எழுதலாம்.

சிகிச்சை தேடுகிறவர்கள் 1933-ஐ அழைத்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்படுவது இயல்பு. அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. சிறிய அளவோடு தொடர்புடைய வழக்கில் இருக்கும் போதை அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போனால் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு கொடுக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டு எழுந்து வந்தால் அந்த விலக்கையும் எடுத்துவிடலாம். மாநில அரசு 2025-இல் கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த மீட்பு மையங்களைத் தொடங்கியது; நமக்குக் கிட்ட இருப்பவை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் ஸ்டான்லியின் மனநலப் பிரிவும். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவனுக்கு சிறார் நீதிச் சட்டம் 77-ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறை.

மருத்துவமனைக்குக் காலை ஓ.பி. நேரத்துக்கே போய்விடுங்கள். கடைசியாக எப்போது போட்டான், ஒரு நாளைக்கு எத்தனை, ஊசியா வாய் வழியா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் கிடந்த காலி மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் அதையும் எடுத்துப் போங்கள்; டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.